பல்லும் பாறையும்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'பாறை அக்கா' என்றே அழைத்தார்கள். கணினி விளையாட்டுகளில் வரும் பாறைகளைச் செய்வது அவருடைய வேலை. வயது நாற்பத்தேழு. கைப்பையில் எப்போதும் மூன்று பொருள்கள் இருக்கும்: ஒரு கேமரா, ஒரு மடக்குக் குடை, பதினாறு பொய்ப் பற்களை வரிசையாகக் கோத்த ஓர் உலோகப் பட்டை. முதல் இரண்டையும் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. மூன்றாவதைக் கண்டு முதல் நாளன்று பதறாதவர் அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை.

அந்தப் பட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. பாறைக்கு வருவதற்கு முன் அவர் பத்தொன்பது ஆண்டுகள் பல் செய்தவர். பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நோயாளியின் பல் எந்த நிறம் என்று ஒரு சீட்டும் கூடவே வரும். பதினாறு மாதிரிப் பற்களில் எது அதற்கு ஒத்துப்போகிறது என்று பார்த்து, அதே நிறத்தில் பீங்கானைக் குழைத்து, சுட்டு, மெருகேற்றிக் கொடுக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று ஒரு பல்லை யாராலும் செய்துவிட முடியும். ஐம்பது ஆண்டுகள் தேநீர் குடித்தவருடைய பல்லைச் செய்வதுதான் வித்தை. ஈறோரம் இலேசான பழுப்பு, நடுவில் மயிரிழை போன்ற விரிசல், நுனியில் தேய்மானம் என்று அவர் ஒவ்வொன்றாக ஏற்றுவார். பல்லைக் கட்டிக்கொண்டு போன மனிதர் வாய்விட்டுச் சிரித்தாலும், எது கட்டிய பல் என்று அவருடைய மனைவிக்கே தெரியக்கூடாது. தெரியாமல் போனால்தான் அது நல்ல வேலை. இதை அவர் யாருக்கும் உபதேசித்ததில்லை; அவருடைய கைகள் அதற்குப் பழகிப் போயிருந்தன, அவ்வளவே.

பீங்கான் தூசி மார்பில் தங்கி, இருமல் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டபோது, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பல் செய்யும் லேபில் கடைசி நான்கு ஆண்டுகள் கணினித் திரையிலேயே பல்லைச் செதுக்கும் முறை வந்திருந்தது. அது அவருக்குக் கைவந்திருந்தது. பல்லைச் செதுக்கியவருக்குப் பாறை எம்மாத்திரம்? டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், ஒன்பது பேர் கூடிச் சாகச விளையாட்டுகள் செய்துகொண்டிருந்த ஒரு சிறிய நிறுவனம், சோதனைக்காக ஒரு கூழாங்கல்லைச் செய்து அனுப்பச் சொன்னது. அவர் அனுப்பியதைப் பார்த்த நிர்வாகி அம்மாள் தொலைபேசியில் அழைத்து, "இது போட்டோங்க. நாங்க கேட்டது நீங்களே செஞ்சது," என்றார். வேலை அப்போதே கிடைத்துவிட்டது என்பது அழைத்தவருக்குத்தான் முதலில் தெரியாது.

அதற்குப் பின் ஏழு ஆண்டுகள். மேகம் மூடினால் மற்றவர்கள் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். பாறை அக்கா கேமராவை எடுத்துக்கொண்டு ஓடுவார். வெயிலில் எடுக்கும் படத்தில் கல்லோடு சேர்ந்து நிழலும் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுக்குள் இருப்பதோ வேறொரு சூரியன். ஆகவே நிழலில்லாத படம் வேண்டும். ஒரே கல்லைச் சுற்றிச் சுற்றி இருநூறு படங்கள் எடுத்தால், கணினி அவற்றை ஒன்றாகத் தைத்து முழுக் கல்லாக்கித் தரும். வானம் ஒத்துழைக்காத நாள்களில் குடை பிடிக்கும் பொறுப்பு கணவருடையது. நகரப் பேருந்து ஓட்டுநரான அவர், வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளைப் பாலத்தடியிலும் இடிந்த கற்சுவர் ஓரத்திலும் குடையோடு கழிப்பார்.

"என்ன சார், கல்லுக்கு வெயில் ஒத்துக்காதா?" என்று வழியில் போன ஒருவர் ஒருமுறை கேட்டார்.

"கல்லுக்கெல்லாம் ஒத்துக்கும். எங்க வீட்டம்மாவுக்குத்தான் ஒத்துக்காது," என்றார் கணவர்.

அவருக்கு அப்போது கடைவாய்ப் பல்லில் வலி. "பல் செஞ்சவளைக் கட்டிக்கிட்டு, பல்வலியோட கல்லுக்குக் குடை பிடிக்கற ஆம்பளை ஊர்ல நான் ஒருத்தன்தான்," என்று அவர் முனகுவதும், "நான் பல் செய்யறவ. வலிக்கு டாக்டர்கிட்ட போங்க," என்று அக்கா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வதும் வாடிக்கையாகிவிட்டிருந்தன.

இப்படிச் சேர்ந்த பாறைகள் நானூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எங்கே, எந்த நாளில், யார் குடை பிடிக்க எடுத்தது என்பதுகூட அவருக்கு நினைவில் இருக்கும்.

நிறுவனம் அந்த ஆண்டு பெரிய விளையாட்டு ஒன்றைத் தொடங்கியது. நில அளவையாளரான ஒரு பெண், காணாமற்போன தன் அண்ணனைத் தேடி ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து போகிறாள். அவளை நடத்திச் செல்வது விளையாடுபவரின் பொறுப்பு: எங்கே ஏறுவது, எங்கே தாவுவது, எதைப் பற்றிக்கொள்வது என்று பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். புதிதாகச் சேர்ந்திருந்த கலை இயக்குநருக்கு முப்பத்திரண்டு வயது. குழந்தைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தவர். அக்காவுக்கு அவர் 'தம்பி'. அந்தத் தம்பிதான் முதல் கூட்டத்திலேயே தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார்.

"அக்கா செய்யற பாறையில முட்டிக்கிட்டா நெத்தி நிஜமாவே புடைச்சுக்கும். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்று தொடங்கினார் அவர். "ஆனா விளையாடறவங்க பாறைய ஆராய்ச்சி பண்ணவா வராங்க? எந்தப் பக்கம் போறதுன்னு தேடிக்கிட்டு வராங்க. எல்லாத்தையும் உள்ளது உள்ளபடி வெச்சா, எதைப் பார்க்கறதுன்னே தெரியாது. வேணுங்கறதப் பெரிசாக்கி, வேணாங்கறத விட்டுட்டு, ஓவியம் மாதிரி பண்ணலாம்."

"வேணாங்கறதுன்னா எது தம்பி? பாசியா, விரிசலா? அதையெல்லாம் எடுத்துட்டா அது பாறை இல்ல, ரப்பர்."

"அழகான ரப்பரா இருந்துட்டுப் போகட்டுமே அக்கா."

"பொம்மைக் கடை மாதிரி இருக்கும்."

"இப்ப மட்டும் என்னவாம்? ஜல்லி உடைக்கற இடம் மாதிரிதான் இருக்கு."

மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தத்தம் தேநீர்க் கோப்பைகளுக்குள் பார்த்தார்கள். நிர்வாகி அம்மாள் மேசையை இருமுறை தட்டினார். "சண்டைய நிறுத்துங்க ரெண்டு பேரும். மூணாவது பள்ளத்தாக்க அக்கா அவங்க முறைப்படியே செஞ்சு முடிக்கட்டும். வெளியிலேருந்து அஞ்சு பேரைக் கூப்பிட்டு விளையாட விடுவோம். இருபது நிமிஷத்துல மூணு பேராவது யாரும் சொல்லிக் குடுக்காம கடந்துட்டா, நிஜப் பாறைதான். இல்லன்னா எல்லாத்தையும் மாத்திடலாம். மாத்தறதுன்னா, கையால வரையத் தெரிஞ்சவங்க வேணும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் அக்காவைத் தவிர மற்ற எல்லோரையும் பார்த்தார். அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏனென்றால் அவருக்கு வரைய வராது. பள்ளியில் அவர் வரைந்த யானையைக் கெண்டி என்று நினைத்து ஆசிரியர் மதிப்பெண் போட்டார். கெண்டிக்கு அது நல்ல மதிப்பெண்தான். எதிரில் ஒன்று இருந்தால் அதை அப்படியே செய்யத் தெரியும். ஒன்றுமில்லாத தாளில் கோடு போடத் தெரியாது. பல்லிலிருந்து ஒருமுறை வெளியேறியாகிவிட்டது. பாறையிலிருந்தும் வெளியேற வேண்டுமென்றால், இந்த வயதில் வேறு எதை நோக்கிப் போவது? இந்தக் கேள்வியைக் கணவரிடம்கூட அவர் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, கடந்து போகும் சுவர்களையெல்லாம் வழக்கத்தைவிடக் கூர்ந்து பார்த்தார்.

மூன்றாம் பள்ளத்தாக்கின் வரைவு அவருடைய கணினிக்கு வந்தது. அந்தத் தொழிலில் எந்த இடத்தையும் முதலில் வெறும் பெட்டிகளாகத்தான் அடுக்குவார்கள். பாறைச் சுவருக்குச் சாம்பல் நிறப் பெட்டி. கையால் பற்றி ஏறக்கூடிய விளிம்புக்கு மட்டும் நீலப் பெட்டி. அந்தப் பெட்டிக் கோலத்தில் விளையாடிப் பார்த்த ஒன்பது பேரும் நான்கே நிமிடங்களில் பள்ளத்தாக்கைக் கடந்திருந்தார்கள். இனி அந்தப் பெட்டிகளின்மேல் பாறையைப் போர்த்த வேண்டும். அக்கா ஐந்து வாரங்கள் எடுத்துக்கொண்டார்.

நீர் வழிந்த இடத்தில் கருமை, காற்று படாத பக்கத்தில் பாசி, வெயில் படும் பக்கத்தில் வெளிறல் என்று ஒவ்வொரு சாணாக வளர்ந்தது பள்ளத்தாக்கு. எல்லாவற்றிலும் அவர் மிகவும் பாடுபட்டது அந்த நீலப் பெட்டிகளுக்காகத்தான். பெட்டியின்மேல் வைத்த கல், சுவரோடு சேரும் இடத்தில் துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்துப் பல்லோடு சேராத பொய்ப்பல் எப்படி அவரை உறுத்துமோ, அப்படி உறுத்தியது. சுவரின் விரிசலை விளிம்பின் வழியாகவே தொடர்ந்து ஓடவிட்டார். சுவரின் பாசியை விளிம்பின்மேலும் படரவிட்டார். நிறத்தை இம்மியும் பிசகாமல் ஒப்பிட்டுச் சேர்த்தார். கடைசியில் எது சுவர், எது விளிம்பு என்று அவருக்கே ஒரு கணம் தட்டுப்படாதபோது, நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே சிறந்த வேலை அதுதான் என்று அவருக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதில் தவறும் இல்லை.

புதன்கிழமை காலை, வெளியிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள்: ஒரு தபால்காரர், ஒரு கல்லூரி மாணவி, மருந்துக் கடைக்காரர் ஒருவர், சமையல்காரர் ஒருவர், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். ஒவ்வொருவராக ஓர் அறையில் அமர்ந்து விளையாட, அவர்கள் பார்ப்பதையும் பேசுவதையும் அடுத்த அறையில் ஒரு திரையில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளையாடுபவரிடம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது; கதவருகேகூட நிற்கக்கூடாது. இது எல்லா விளையாட்டு நிறுவனங்களிலும் உள்ள விதி.

தபால்காரர் இருபது நிமிடமும் ஓடையோரம் நடந்துவிட்டு எழுந்தார். மருந்துக் கடைக்காரர் ஒரே மரத்தைப் பதினான்கு முறை சுற்றினார். சமையல்காரர், "இடம் நல்லா இருக்குங்க, ஒரு வீடு கட்டலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார். மாணவி மட்டும் பதினெட்டாவது நிமிடத்தில், பொத்தானைத் தவறுதலாக அழுத்தியதால் தாவி, தற்செயலாக ஒரு விளிம்பைப் பற்றி ஏறிவிட்டாள். "ஐயோ, இதுதான் வழியா!" என்று அவள் கூவியபோது கலை இயக்குநர் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாகத் தையல்கார அம்மாள். வயது ஐம்பத்தெட்டு. கடையை மூடிய பின் தினமும் ஒரு மணி நேரம் விளையாடுபவர். பதினொரு சாகச விளையாட்டுகளை முடித்தவர். அக்காவின் நம்பிக்கையெல்லாம் அவர்மேல்தான் இருந்தது.

"அடடா! என்ன அழகா செஞ்சிருக்காங்க," என்று அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டே நடந்தார். "இந்தப் பாசியப் பாரேன், தொட்டா ஈரமா இருக்கும்போல. சரி, எங்க ஏறணும்? இங்க ஏதோ கறை தெரியுது, இதுவா?" கறையை நோக்கித் தாவினார், வழுக்கி விழுந்தார். விரிசல் ஒன்றை நோக்கித் தாவினார், மறுபடியும் விழுந்தார். ஏற வேண்டிய விளிம்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றார். அடுத்த அறையில் அக்கா தன் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தார். தையல்கார அம்மாள் விளிம்பைப் பார்த்தார், திரும்பிப் போனார். ஏழு முறை வந்தார். ஏழு முறையும் திரும்பிப் போனார். இருபது நிமிடம் முடிந்தும் விடவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்," என்று நாற்பது நிமிடம் வரை தேடினார்.

எழுந்து வெளியே வந்தவர், வழியில் நின்றிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா கண்ணு, இந்தப் பாறையெல்லாம் செஞ்சது? தப்பா நினைச்சுக்காத. எனக்குத்தான் மூளை பத்தல. வயசாயிடுச்சு, கண்ணும் முன்ன மாதிரி இல்ல. உங்க வேலைய நான் கெடுத்துட்டேன்."

"இல்லீங்கம்மா..." என்று அக்கா தொடங்குவதற்குள் அந்த அம்மாள் படியிறங்கிவிட்டார்.

தோற்றதைக் காட்டிலும் இதுதான் அவரைக் குடைந்தது. வேலையைக் குறை கூறியிருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். ஐந்து வாரம் உழைத்து அந்த அம்மாளுடைய கண்ணில் அவர் மண்ணைத் தூவியிருந்தார். அந்த அம்மாளோ கண்ணையே குறை கூறிக்கொண்டு போகிறார்.

நிர்வாகி அம்மாள் எளிய வழி ஒன்றைச் சொன்னார்: விளிம்புகளில் மஞ்சள் பெயிண்டைப் பூசிவிடலாம், பல விளையாட்டுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். அக்கா பத்தே நிமிடத்தில் பூசிக் காட்டினார். முன்பல்லில் தங்கம் கட்டியது போல இருந்தது.

"மனுஷக் காலே படாத பள்ளத்தாக்குல யாரு போய் பெயிண்ட் அடிச்சாங்கன்னு கேப்பாங்க," என்றார் கலை இயக்குநர்.

"அதையேதான் நானும் சொல்றேன்," என்றார் அக்கா.

இருவரும் ஒரே பக்கம் பேசியது அதுவே முதல் தடவை. நிர்வாகி அம்மாள் நாள்காட்டியைப் பார்த்தார். "அப்ப ரெண்டு வாரம் தரேன். அதுக்குள்ள உருப்படியா ஒரு வழி கண்டுபிடிங்க. இல்லன்னா வரையறவங்களத் தேட ஆரம்பிச்சுடுவேன்."

அன்று மாலை அக்கா வீடு திரும்பியபோது, கணவர் நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். பல் மருத்துவரிடம் போய்விட்டு வந்திருக்கிறார். மரத்துப்போன வாயிலிருந்து சொற்கள் ஒரு பக்கமாகச் சரிந்து வந்தன.

"வேரெல்லாம் சுத்தம் பண்ணியாச்சாம். உள்ள எதையோ வெச்சு அடைச்சிருக்காரு. அடுத்த வாரம் பல்லு மேல தொப்பி மாட்டுவாராம்."

"ஆ காட்டுங்க."

"வந்ததும் வராததுமா..."

"ஆ காட்டுங்கங்கறேன்ல."

பத்தொன்பது ஆண்டுப் பழக்கம். அக்கா கைப்பேசியின் விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். கடைவாயில், குடையப்பட்ட பல்லின் நடுவில், பளிச்சென்று நீலம்.

அந்த நீலத்தை அவர் அறிவார். குடைந்த பல்லை நிரப்புவதற்குப் பல்லின் நிறத்திலேயே பசை உண்டு; இருந்தாலும் பல மருத்துவர்கள் வேண்டுமென்றே நீலப் பசையைக் கேட்டு வாங்குவார்கள். அடுத்த முறை அந்தப் பல்லைச் செதுக்கித் தொப்பிக்கு ஏற்ப வடிவமைக்கும்போது, எது பசை, எது பல் என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நல்ல பல்லைக் குடைந்துவிடுவார்கள். சிரிப்புக்கான பல் தெரியக்கூடாது. அடுத்து வேலை செய்யும் கைக்கான நீலம் தெரிந்தாக வேண்டும். இரண்டும் ஒரே வாயில்தான் இருக்கின்றன. இரண்டுமே சரியான வேலைதான். ஐந்து வாரமாக அவர் அந்த விளிம்பைச் சிரிப்புக்கான பல்லாக எண்ணிச் செய்திருந்தார். வரைவில் அதற்கு நீலப் பெட்டி வைத்துக் கொடுத்திருந்தார்கள்; அந்த நீலத்தை அழிப்பதையே தம் வேலையாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன, உள்ள உன்னோட பாறை ஏதாச்சும் விழுந்து கிடக்கா?" என்றார் கணவர், திறந்த வாயோடு. "மூடிக்கட்டா?"

"மூடிக்குங்க," என்ற அக்கா, அவருடைய மரத்த கன்னத்தை ஒருமுறை தடவிக் கொடுத்தார். கணவருக்கு அது உறைக்கவில்லை, பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் காலை, கலை இயக்குநர் வருவதற்கு முன்பே அக்கா அவருடைய மேசையருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்திருந்தார்.

"தம்பி, எனக்கு வரைய வராது. அதை முதல்ல சொல்லிடறேன்."

"அது தெரியும் அக்கா. பிறந்தநாள் வாழ்த்து அட்டையில நீங்க வரைஞ்ச பூவை நான் பார்த்திருக்கேன்."

"அது பறவை. அது இருக்கட்டும். பள்ளத்தாக்கைத் திறங்க. கண்ணைப் பாதியா மூடிக்கிட்டு அந்தச் சுவரைப் பாருங்க."

கலை இயக்குநர் வியப்புடன் திரும்பினார். "கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? இது ஓவியப் பள்ளியில முதல் நாள் பாடம்."

"பல் டாக்டர். நிறம் பார்க்கறதுக்கு முன்ன வெளிச்சம் பார்க்கணும். கண்ணைச் சுருக்கினாத்தான் எது வெளிறல், எது இருட்டுன்னு பிரியும். பக்கத்துப் பல்லோட நிறம் கொஞ்சம் மாறினாலும் யாருக்கும் தெரியாது. வெளிச்சம் மாறினா தெருக்கோடியிலேயே தெரியும்."

இருவரும் கண்களைச் சுருக்கிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். கடந்து போன நிர்வாகி அம்மாள், இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி வந்துவிட்டதென்று நினைத்தார். சுருக்கிய கண்ணில் சுவரும் விளிம்பும் ஒரே சாம்பல் குழம்பாக இருந்தன; அதற்குள் கறைகளும் விரிசல்களும்தான் எறும்புகளாக ஊர்ந்தன. தையல்கார அம்மாள் கறையை நோக்கி ஏன் தாவினார் என்பது இருவருக்கும் ஒருசேர விளங்கியது.

அன்றிலிருந்து பத்து நாள்கள் இருவருடைய நாற்காலிகளும் ஒரே மேசையில் இருந்தன. கலை இயக்குநர் பள்ளத்தாக்கைப் பெரிய பெரிய தளங்களாகத் தாளில் வரைவார்; அக்கா அதைத் திரையில் செதுக்குவார். வழியல்லாத சுவர்களையெல்லாம் அமைதியாக்கினார்கள்: பாசி போயிற்று, நூறு விரிசலுக்கு ஒன்று மிஞ்சியது. எண்பத்தெட்டாம் எண் பாறையின் முறை வந்தபோது அக்காவின் கை நின்றது. அது பாலத்தடியில் எடுத்தது; கணவர் இரண்டு மணி நேரம் குடை பிடித்தது.

"இந்த விரிசல் நிஜம் தம்பி. நான் நேர்ல பார்த்தது."

"நிஜம்தான் அக்கா. அதான் எல்லாரும் அதையே பார்க்கறாங்க."

அக்கா அதைத் தம் கையாலேயே அழித்தார். யாராவது அழித்துத்தான் ஆகவேண்டுமென்றால் அதை அறிந்தவர் அழிப்பதே முறை என்று அவருக்குத் தோன்றியது.

விளிம்புகளை மட்டும் அவர் யாரையும் தொடவிடவில்லை. முன்பல்லின் கடிக்கும் நுனியில் ஒளி ஊடுருவி ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரியும். பல் செய்பவர்கள் அதற்காகவே நுனிக்குத் தனிப் பீங்கான் வைத்திருப்பார்கள். அந்தக் கோட்டை அக்கா பாறைக்குக் கொண்டுவந்தார். கை பற்றக்கூடிய விளிம்பு எதுவோ அது மட்டும் சற்று அகன்று, வழவழப்பாக உருண்டு, மேல் நுனியில் வெளிச்சம் வாங்கி நின்றது. பெயிண்ட் இல்லை, யாரோ வந்து பூசிய தடயமும் இல்லை. அந்த உலகத்தின் பாறை அப்படித்தான் என்று பட்டது. கலை இயக்குநர் அதைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு விரித்துப் பார்த்தார்.

"வரைய வராதுன்னீங்களே அக்கா?"

"இது வரையறது இல்ல தம்பி. பல்லு."

பதினான்காம் நாள், புதன்கிழமை, புதிதாக நான்கு பேர் வந்தார்கள். ஐந்தாவது ஆளாகத் தையல்கார அம்மாளை அழைக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். வழி தெரிந்தவர் விளையாடினால் சோதனை செல்லாது என்று நிர்வாகி அம்மாள் மறுத்தார். "அவங்களுக்குத்தான் வழி இன்னும் தெரியாதே," என்று அக்கா சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். இருந்தாலும், யாரும் குறை சொல்லாதிருக்க, விளிம்புகளின் இடங்களை மாற்றிவைத்தார்கள்.

புதியவர்கள் நால்வரில் மூவர் கடந்துவிட்டார்கள். அத்துடனேயே முடிவு தெரிந்துவிட்டது. நிர்வாகி அம்மாள் அக்காவின் தோளைத் தட்டிவிட்டு, "வரையறவங்களத் தேடற வேலை எனக்கு மிச்சம்," என்றார். அக்கா தலையசைத்தார். ஆனால் திரையை விட்டு நகரவில்லை. தையல்கார அம்மாள் அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

இந்த முறை அவர் அதிகம் பேசவில்லை. ஓடையைக் கடந்தார், நிமிர்ந்து பார்த்தார், ஏறினார். "இது சரி... இங்கேருந்து அங்க... ம்." ஒரு முறை மட்டும் விழுந்தார், அதுவும் அவசரத்தால். பதினோராவது நிமிடத்தில் உச்சியில் நின்று, கீழே கிடந்த பள்ளத்தாக்கைப் பார்த்து, "அண்ணனைக் காணோமே, அடுத்தது எங்க?" என்றார். வழி எங்கே என்று கேட்கவில்லை. அண்ணன் எங்கே என்று கேட்டார். அடுத்த அறையில் பாறை அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்த தையல்கார அம்மாள் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "பாத்தியா கண்ணு! எனக்கு ஒண்ணும் மூளை மழுங்கல. அன்னைக்கு ஏதோ உடம்பு சரியில்ல போலிருக்கு."

"அன்னைக்கும் நல்லாத்தான் இருந்தீங்கம்மா. பாறைதான் சரியில்ல."

"அப்படிச் சொல்லாத. அது என்ன அழகு! ஆமா, அந்தப் பாறையெல்லாம் எங்க? இன்னைக்குப் பாறை இருந்த மாதிரியே தெரியலயே. நான் பாட்டுக்கு ஏறிக்கிட்டே போனேன்." அவர் சற்று யோசித்தார். "பழசு இருந்தா ஒரு படமா போட்டுக் குடேன். கடையில மிஷினுக்கு மேல சுவர் வெறிச்சுனு கிடக்கு, மாட்டிக்கறேன்."

அவர் படியிறங்கிப் போனபின் கலை இயக்குநர் மெல்ல அருகில் வந்தார். "என்னக்கா, ரெண்டு வாரம் உயிரைக் குடுத்துச் செஞ்ச பாறைய அந்தம்மா கவனிக்கவே இல்லயேன்னு வருத்தமா?"

"வருத்தமா? பத்தொன்பது வருஷம் அதுக்குத்தான தம்பி சம்பளம் வாங்கினேன்," என்றார் அக்கா.

தையல் கடைக்காக அவர் எண்பத்தெட்டாம் எண் பாறையைத் தேர்ந்தெடுத்து, விரிசல், பாசி, கறை எதுவும் குறையாமல், பெரிய தாளில் அச்சிட்டுச் சட்டமிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். கூடவே கணவரும் வந்து, தொப்பி மாட்டிய புதுப் பல்லைக் காட்டிச் சிரித்தபடி, ஸ்டூலில் ஏறி ஆணி அடித்துக் கொடுத்தார். அளவு கொடுக்க வந்திருந்த ஒரு பெண் படத்தை அண்ணாந்து பார்த்து, "நல்ல இடமா இருக்கே, எங்க எடுத்த போட்டோ?" என்று கேட்டாள்.

"பாலத்துக்கு அடியில," என்றார் கணவர், ஸ்டூலிலிருந்து இறங்காமலே. "குடை பிடிச்சவன் நான்தான்."